அந்த டீச்சரைப் போடுங்க டீச்சர்

கல்வி ஆபீஸ் ஸ்டாப்பு வந்தா சொல்லுங்கம்மா. நீங்க இந்தப் பக்கம்தானே, உங்களுக்குத் தெரியும். இந்த பஸ்ல நான் எத்தனையோ தடவை வந்திருக்கேன், ஆனா இன்னிக்கு எந்த ஸ்டாப்பு எதுன்னே பிடிபடல. தண்ணித் தொட்டி தாண்டி, பெட்ரோல் பங்க் தாண்டி, அப்புறம்தானே? சரி. கண்டக்டர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். தலையை ஆட்டினாரு, காதுல விழுந்துச்சோ என்னமோ.

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இப்ப பத்து அஞ்சுதான் ஆகுது. நேரம் இருக்கு. நேரம் இருக்கறதுதான் கஷ்டமா இருக்கு. காலையில ரெண்டு இட்லி எடுத்து வச்சேன், ஒண்ணை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். என் கையைத் தொட்டுப் பாருங்களேன். சில்லுன்னு இல்ல? வெயில் இந்த அடி அடிக்குது, கை மட்டும் சில்லுன்னு இருக்கு.

நான் டீச்சரும்மா. சௌந்தரவல்லின்னு பேரு. கடலோரத்துல ஒரு நடுநிலைப்பள்ளி, ஆறு ஏழு எட்டுக்குக் கணக்கு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ், இன்னும் ரெண்டரை வருஷம் பாக்கி. நான் பயப்படுற ஆள் இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். வராண்டாவுல என் செருப்புச் சத்தம் கேட்டாலே மூணு வகுப்பும் கப்சிப்னு ஆயிடும். கம்பைத் தூக்கவே வேண்டாம். எங்க ஹெச்.எம். கலியபெருமாள் சார் சொல்லுவாரு, "டீச்சர், நீங்க ஒரு நாள் லீவு போட்டா எனக்கு மண்டை வெடிச்சிரும்"னு. பிள்ளைங்க என்மேல அவ்வளவு மரியாதை வச்சிருக்கு.

அப்படிப்பட்டவளுக்கு இன்னிக்கு ஒரு இட்லிகூட இறங்கல. எல்லாம் ஒரு தொட்டில் குழந்தையால வந்தது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடினாங்க இல்ல, அப்ப பாடத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போடச் சொன்னாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. அரிசி டின்னு மேல செல்லைச் சாய்ச்சு வச்சு, ஒரு ஸ்லேட்டைக் கையில வச்சுக்கிட்டு பேசினேன். பக்கத்து வீட்டுல பிறந்து நாப்பது நாள் ஆன பச்சைக் குழந்தை. நடுவுல ஒரே ஒரு சுவரு. நான் வழக்கமா பேசுற மாதிரி பேசினா அது வீறிட்டு எழுந்துரும், அதோட அம்மா பாவம் தூக்கமே இல்லாம கிடக்குறா. அதனால மெதுவா பேசினேன். ரொம்ப மெதுவா. "இது புரியுதாப்பா? புரியலன்னா பரவாயில்ல, இன்னொரு தடவை பாக்கலாம்"னு. வகுப்புல நான் அப்படிப் பேசினதே கிடையாது. வகுப்புல அப்படிப் பேசினா யாரு கேப்பா?

பின்ன பள்ளிக்கூடம் திறந்தாச்சு, அந்த வீடியோவை நானே மறந்துட்டேன். இந்த வருஷம் ஸ்மார்ட் போர்டு வந்துச்சு. சுவரு பூரா ஒரு டிவி, விரல் வச்சா எழுதும், வரையும். அதுல போட எங்க ஹெச்.எம். சார்கிட்ட ஒண்ணும் இல்ல. "உங்க பழைய வீடியோ இருக்கே டீச்சர், போடுங்களேன்"னாரு. போட்டேன்.

எங்க ஏழாம் வகுப்புல முப்பத்தொரு பிள்ளைங்க. பாதி மீனவர் வீட்டுப் பிள்ளைங்க, பாதி தென்னந்தோப்புக் கூலி வேலைக்குப் போறவங்க வீட்டுப் பிள்ளைங்க. வீடியோ ஓட ஆரம்பிச்சதும் அதுங்க முகத்தைப் பாக்கணுமே. வாயைப் பிளந்துகிட்டு பாக்குது. "டீச்சர், நிறுத்துங்க, மறுபடி போடுங்க"ங்குது. ஒண்ணு, ரெண்டு, மூணு தடவை. நான் போர்டுல நடத்துறப்ப, "யாருக்காச்சும் சந்தேகம் இருக்கா"ன்னு கேட்டா ஒரு தலை அசையாது. எல்லாம் புரிஞ்சிருச்சுன்னுதானே நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்?

அப்புறம் தினமும் நான் சாக்பீஸை எடுத்தா போதும். "அந்த டீச்சரைப் போடுங்க டீச்சர்"னு ஒரு குரல் வரும். அந்த டீச்சர். அதுவும் நான்தான், இதுவும் நான்தான். அது என்ன அந்த டீச்சர்? எனக்கு முதல்ல சிரிப்பாத்தான் வந்துச்சு. பத்து நாள் கழிச்சு சிரிப்பு வரல. ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறேன், அங்க நானே நின்னு பாடம் எடுக்கிறேன், பிள்ளைங்க அவளைப் பாத்துச் சிரிக்குது.

இது தண்ணித் தொட்டியா? இல்லையா? இது வேறயா. சரி சரி.

அப்பதான் எங்களுக்குப் பயிற்சி குடுக்குற சார் ஒருத்தர் வந்தாரு. இன்பநாதன்னு பேரு. சின்ன வயசு, மரியாதையான ஆளு. பள்ளிக்கூடத்துல இந்தக் கருவியை எல்லாம் ஒழுங்கா பயன்படுத்துறாங்களான்னு பாக்கறது அவர் வேலை. கடைசி பெஞ்சுல உக்காந்துகிட்டு ஒரு தாள்ல கோடு போடுவாரு. பிள்ளைங்க எத்தனை தடவை திரைகிட்ட பேசுச்சு, எத்தனை தடவை டீச்சர்கிட்ட பேசுச்சுன்னு. பாடம் முடிஞ்சு காட்டினாரு. திரைப் பக்கம் பதினோரு கோடு. என் பக்கம் ஒரே ஒரு கோடு. அதுவும் மெர்லின்னு ஒரு பொண்ணு பாத்ரூம் போகணும்னு கேட்டது.

"வீடியோ ஓடுறது பெருசு இல்ல டீச்சர்"னாரு. "பிள்ளைங்க அதை நிறுத்திட்டு உங்க பக்கம் திரும்பிப் பேசணும். அப்பதான் அது பாடம்." சொல்லிட்டு, போறப்ப சிரிச்சுக்கிட்டே ஹெச்.எம்.கிட்ட ஒண்ணு சொன்னாரு. "இவ்வளவு அருமையா வீடியோ எடுத்திருக்காங்க சார். இதை வச்சு ஒரு டீச்சர் பத்து ஸ்கூலைப் பாத்துக்கலாம்"னு. விளையாட்டாத்தான் சொன்னாரு. உபரி ஆசிரியர்னு சொல்லி எங்கேயாச்சும் தூக்கிப் போடுவாங்கம்மா, உங்களுக்குத் தெரியாது. நூறு கிலோமீட்டர் தள்ளிப் போட்டாக்கூட வாயைத் திறக்க முடியாது. ரெண்டரை வருஷத்தை எண்ணிக்கிட்டு இருக்கற எனக்கு அது தாங்குமா? என் வீடியோவே என்னை வெளிய தள்ளிடும் போலிருக்கேன்னு ஒரு வாரம் தூக்கமே இல்ல.

அப்பதான் அந்தக் காரியத்தைப் பண்ணினேன். உங்ககிட்டதான் முதல் முதலா சொல்றேன். ஹெச்.எம்.முக்குக்கூடத் தெரியாது.

தசம எண் பாடம் ஒண்ணு மட்டும் பழைய வீடியோவுல இல்ல. புதுசா எடுத்தேன். அதே அரிசி டின்னு, அதே ஸ்லேட்டு. அந்தக் குரலையே வரவழைச்சுகிட்டு பேசினேன். அதுல ஒரு தப்பை வச்சேன். வேணும்னே. பூஜ்யம் புள்ளி அஞ்சு பெருசா, பூஜ்யம் புள்ளி ரெண்டு அஞ்சு பெருசான்னு கேட்டு, "புள்ளிக்கு அப்புறம் ஒண்ணுல அஞ்சு இருக்கு, ஒண்ணுல இருபத்தஞ்சு இருக்கு. இருபத்தஞ்சுதானே பெருசு? அதனால இதுதான் பெருசுப்பா"ன்னு சொன்னேன். அரை கிலோவைவிட கால் கிலோ பெருசுன்னு சொன்ன மாதிரி. கடைக்குப் போற எந்தப் பிள்ளைக்கும் தெரியற தப்பு. அதுக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

என் கணக்கு என்னன்னா, வீடியோ அந்த இடத்துக்கு வந்ததும் பிள்ளைங்க கூச்சல் போடும். "டீச்சர், அது தப்பு"ன்னு என் பக்கம் திரும்பும். நான் நிறுத்திட்டு, சாக்பீஸை எடுத்து, "பாத்தீங்களா, மெஷினை நம்பக் கூடாது, அதுக்குத்தான் டீச்சர் இருக்கேன்"னு சொல்லுவேன். மறுதடவை இன்பநாதன் சார் வர்றப்ப என் பக்கமும் பத்துக் கோடு விழும். அவ்வளவுதான் ஆசை.

போட்டேன். அந்த இடம் வந்துச்சு. நான் ரிமோட்டைப் பிடிச்சுக்கிட்டு காத்திருக்கேன். ஒரு சத்தம் இல்ல. மறுபடி போட்டேன். முப்பத்தொரு பிள்ளைங்களும் குனிஞ்சு நோட்டுல எழுதுது. மூணாவது தடவை போட்டேன். ஒருத்தி நிமிர்ந்து என்னைப் பாத்தா, உடனே குனிஞ்சுக்கிட்டா. மெர்லின்தான். அப்புறம் மணி அடிச்சுட்டாங்க.

நாளைக்குத் திருத்திக்கலாம்னு நினைச்சேன். சாயங்காலமே ஆர்டர் வந்துச்சு, மூணு நாள் பயிற்சின்னு என்னை வேற ஊருக்கு அனுப்பிட்டாங்க. நான் இல்லாதப்ப இன்பநாதன் சார் வந்து, ஸ்மார்ட் போர்டுல இருந்த என் வீடியோ அத்தனையையும் பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு. எங்க ஒன்றியத்துல இருபத்திரண்டு நடுநிலைப்பள்ளி. எல்லாத்துக்கும் போடப் போறாங்களாம். வர்ற திங்கக்கிழமையிலேருந்து. ஹெச்.எம். எனக்குப் போன் போட்டுச் சந்தோஷமா சொல்றாரு, நான் சரி சார்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன்.

எங்க சார் பாத்தாரு, இன்பநாதன் சார் பாத்தாரு, மேல கல்வி ஆபீஸ்ல அதிகாரி மேடம் பாத்தாங்களாம். ஒருத்தர் கண்ணுலயும் படல. அந்தக் குரலைக் கேட்டா யாருக்கும் சந்தேகமே வராது போலிருக்கு.

திரும்பி வந்த அன்னிக்கே போர்டுல எழுதிப் போட்டேன். புள்ளி அஞ்சுதான் பெருசு, எழுதிக்கங்கன்னேன். வீடியோவுல தப்பா சொன்னேன்னு சொல்லல. எப்படிச் சொல்றது? சும்மா எழுதிக்கங்கன்னேன். எழுதிக்கிச்சுங்க. மறுவாரம் டெஸ்ட் வச்சேன். முப்பத்தொரு பேரும் புள்ளி ரெண்டு அஞ்சுதான் பெருசுன்னு எழுதியிருக்கு. ஒருத்தர் விடாம. பேப்பரை மறுபடி முதல்லேருந்து புரட்டிப் பாத்தேன். முப்பத்தொரு பேப்பர்ல ஒரே தப்பு, அதுவும் நான் வச்ச தப்பு.

மெர்லின் பேப்பர்ல மட்டும் அழிச்ச அடையாளம். ரப்பர் போட்டுத் தேய்ச்சிருக்கா, காகிதமே நைஞ்சு போயிருக்கு. வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். அடியில புள்ளி அஞ்சு. இங்க பாருங்க, பேக்லதான் வச்சிருக்கேன். தெரியுதா? இந்த இடத்துல.

மதிய இடைவேளையில ஆபீஸ் ரூமுக்கு வரச் சொன்னேன். வந்தா. தனியா வரல. பக்கத்துல உக்காருற தர்ஷிகாவைக் கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறா.

"கூட எதுக்குடி ஆளு?"ன்னேன்.

"சும்மா டீச்சர். அவ உள்ள வர மாட்டா. வாசல்ல நிப்பா."

"நான் என்ன உன்னைக் கடிச்சா திங்கப் போறேன்? அவளை கிளாசுக்குப் போகச் சொல்லு."

அந்தப் பொண்ணு போயிட்டா. இவ உள்ள வந்து மேசைக்கு ரெண்டு அடி தள்ளி நின்னா. பேப்பரைக் காட்டி, "இந்த இடத்துல முதல்ல என்ன எழுதினே?"ன்னு கேட்டேன். வாசலைத் திரும்பிப் பாத்தா. "கேக்கறேன்ல."

"பூஜ்யம் புள்ளி அஞ்சு டீச்சர்."

"அப்புறம் ஏன் அழிச்சே? குருட்டாம்போக்குல எழுதினியா?"

"இல்ல டீச்சர். அம்மா மீன் கடையில சாயங்காலம் நான்தான் தராசு பாப்பேன். கரண்டு தராசு. பூஜ்யம் புள்ளி ரெண்டு அஞ்சுன்னு வந்தா கால் கிலோ. புள்ளி அஞ்சுன்னா அரை."

"அப்ப வீடியோ ஓடினப்பவே உனக்குத் தெரியும்."

"ம்."

"ஏன்டி சொல்லல?"

தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா, "கடையில வேற, கிளாஸ்ல வேற டீச்சர்."

எனக்குக் கோவம் வந்துச்சு. என்னடி வேறன்னு கொஞ்சம் சத்தமா கேட்டுட்டேன். அவ சுவரோட போய் ஒட்டிக்கிட்டா. ஒட்டிக்கிட்டே சொல்றா, "போன வருஷம் ஏழெட்டு அம்பத்தாறுன்னு சொன்னேன்ல டீச்சர். நீங்க போர்டுல அம்பத்திநாலுன்னு எழுதியிருந்தீங்க. அதிகப்பிரசங்கின்னு வெளிய நிக்க வச்சீங்க. சாப்பாட்டு மணி வரைக்கும். அம்மா மீன் கூடையோட அந்தப் பக்கம் வந்துச்சு. என்னைப் பாத்துட்டு ஒண்ணும் கேக்காம போயிடுச்சு."

எனக்கு நினைப்பே இல்லம்மா. சத்தியமா சொல்றேன். தொண்ணூறு பிள்ளைங்களை மேய்க்கிறவளுக்கு யாரை எந்த நாள் வெளிய நிறுத்தினோம்னு எப்படி நினைப்பு இருக்கும்? ஏழெட்டு அம்பத்தாறுன்னு எனக்குத் தெரியாதா? ஏதோ கை தவறியிருக்கும். அதை அவ ஒரு வருஷமா வச்சுக்கிட்டு இருந்திருக்கா.

"மத்தப் பிள்ளைங்களுக்கும் தெரியுமா?"ன்னேன்.

"பாதிப் பேருக்குத் தெரியும் டீச்சர். நீங்க ஏதோ சோதிச்சுப் பாக்கறீங்கன்னு நினைச்சோம். யாரு எதிர்த்துப் பேசுறாங்கன்னு பாக்கத்தான் மூணு தடவை போட்டீங்கன்னு."

"அப்புறம்தான் நான் போர்டுல சரியா எழுதிப் போட்டேனே. டெஸ்ட்ல அதை எழுத வேண்டியதுதானே?"

"போர்டுல ஒண்ணு சொன்னீங்க, வீடியோவுல ஒண்ணு சொன்னீங்க. எதை எழுதினா திட்டு விழாதுன்னு எல்லாரும் பேசினோம். அந்த டீச்சர் சொன்னதையே எழுதிடலாம்னு முடிவு பண்ணிட்டோம். அவங்க அடிக்க மாட்டாங்கல்ல."

அந்தப் பேப்பரை எடுத்து பேக்ல வச்சேன். போன்னுட்டேன். கதவு வரைக்கும் மெதுவா நடந்தா, வராண்டாவுக்குப் போனதும் ஓடினா பாருங்க ஒரு ஓட்டம். அந்தக் காலடிச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க. நான் நிறையப் பேசறேனோ? உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா? ஒரே பொண்ணா. எத்தனாவது படிக்கிறா? ஏழாவதா? எந்த ஊரு ஸ்கூலு?

அதுவும் எங்க ஒன்றியம்தான். அந்த இருபத்திரண்டுல அதுவும் ஒண்ணு.

பயமா இருக்கும்மா. வேற என்ன சொல்றது. நேத்து சாயங்காலம் ஆபீஸ்லேருந்து போன். "மேடம் உங்க வீடியோ விஷயமா பேசணுமாம், காலையில பதினோரு மணிக்கு வாங்க." அவ்வளவுதான் சொன்னாங்க. நல்லதா கெட்டதான்னு கேக்கறதுக்குள்ள வச்சுட்டாங்க. எங்க சார், "சால்வை போடப் போறாங்க டீச்சர், பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போங்க"ன்னு சிரிக்கிறாரு. அவர் சொன்னாருன்னு இதைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன். கண்டுபிடிச்சிருந்தாங்கன்னா மெமோ. தெரியாம செஞ்ச தப்புன்னா விட்டுருவாங்க, வேணும்னே செஞ்சதுன்னு தெரிஞ்சா பென்ஷன் வரைக்கும் இழுப்பாங்க. கண்டுபிடிக்கலன்னா சால்வை. சால்வையைப் போர்த்திக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு வரணும், இல்ல அத்தனை பேருக்கு முன்னாடி நானே சொல்லணும். எதுக்கு அதிகமா பயப்படறேன்னு எனக்கே தெரியல.

பேக்ல இன்னொரு பென் டிரைவ் இருக்கு. சரியா எடுத்த வீடியோ. முந்தாநாள் பள்ளிக்கூடத்துலயே எடுத்தேன். "சத்தம் சரியா இல்ல மேடம், பழசை எடுத்துட்டு இதைப் போடுங்க"ன்னு சொல்லி மாத்திடலாம்னு ஒரு யோசனை. யாருக்கும் ஒண்ணும் தெரியாமப் போயிடும். ஆனா அதை ஒரு தடவை போட்டுக் கேட்டேன். கணக்கு சரியா இருக்கும்மா. குரல்தான். "கவனி. இங்க பாரு. எத்தனை தடவை சொல்றது"ன்னு ஒரு பொம்பளை கத்துறா. எதிர்ல ஒரு பிள்ளைகூட இல்ல, வெறும் செல்லு, அதைப் பாத்துக் கத்துறா. எனக்கே உக்காந்திருந்த இடத்துல முதுகு நிமிர்ந்துருச்சு. நான் தினமும் இப்படித்தான் பேசறேனான்னு ஹெச்.எம்.கிட்ட கேட்டேன். அவரு செல்லைப் பாத்துக்கிட்டே, "நீங்க கண்டிப்பான டீச்சர்தானே"ன்னாரு. அப்புறம் வேற பேச்சுக்குப் போயிட்டாரு.

பெட்ரோல் பங்கா? அப்ப தண்ணித் தொட்டி எப்ப போச்சு? நான் கவனிக்கவே இல்லையே. அடுத்ததா? அடுத்த ஸ்டாப்பேவா?

சொல்லிடலாம்னுதான் நினைக்கிறேன். உங்க பொண்ணும் அதைத்தானே பாக்கப் போறா. "மேடம், அந்த வீடியோவுல ஒரு தப்பு இருக்கு, நான்தான் வச்சேன்"னு. ரெண்டு வரிதான். காலையிலேருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன். இங்க உக்காந்திருக்கறப்ப வருது, அந்த மேசைக்கு முன்னாடி போய் நின்னா வாய் வருமான்னு தெரியல. அந்த மேடம் பெரிய மேசை போட்டு உக்காந்திருப்பாங்க. சத்தமா பேசுவாங்க. தப்பு செஞ்சவங்களை உக்காரச் சொல்ல மாட்டாங்களாம்.

நிறுத்துறாங்க. என் பேக்கு. இந்தப் பேப்பரைக் கொஞ்சம் பிடிங்க, கசங்கிடப் போகுது.

அம்மா, உங்களுக்கு ரொம்ப அவசரமா? உங்க ஸ்டாப்பு இன்னும் தள்ளித்தானே இருக்கு, அடுத்த பஸ் பத்து நிமிஷத்துல வந்துரும். என்கூடக் கொஞ்சம் இறங்கறீங்களா? உள்ள எல்லாம் வர வேண்டாம். நீங்க ஒண்ணும் பேசவும் வேண்டாம். சும்மா, வாசல்ல நின்னா போதும்.